கதவில்லாத வீட்டில் எதைத் தட்டுவது?

மூடியிருக்கும் இடத்தைச் சோதனையிட வேண்டியிருந்தால், அங்கே குடியிருப்பவர் அதிகாரி கேட்டுக்கொண்டதும் தடையில்லாமல் உள்ளே விட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம், நூறாவது பிரிவு, முதல் உட்பிரிவு. இப்போது சட்டத்துக்குப் புதுப்பெயரும் பிரிவுக்குப் புது எண்ணும் வந்துவிட்டன. விஷயம் பழையதுதான். பயிற்சி முடித்து வரும் இளம் அதிகாரிகளே, அதில் ‘கேட்டுக்கொண்டதும்’ என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கதவைத் தட்டு, மணியை அடி என்றெல்லாம் சட்டம் எங்கும் சொல்லவில்லை. கேள் என்றுதான் சொல்கிறது.

நான் புதிதாக எஸ்.ஐ. ஆனபோது வேறொரு சொல்லுக்குக் கோடு போட்டிருந்தேன். ‘மூடியிருக்கும்’ என்ற சொல்லுக்கு. திருவனந்தபுரத்தில் சட்டம் படித்துவிட்டுக் காக்கி மாட்டியவன் நான். ஒரு விதியைப் பார்த்தால் அது எங்கே பொருந்தும் என்று தேடுவதற்கு முன் எங்கே பொருந்தாது என்று தேடுவேன். மூடிய இடத்துக்குத்தான் கேட்க வேண்டும் என்றால், திறந்த இடத்துக்குக் கேட்க வேண்டாமல்லவா? இந்தக் கண்டுபிடிப்பை ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு ஒரு பெண்ணின் வீட்டில் பரீட்சித்துப் பார்த்தேன்.

குடிகிடப்புக்காரர்களுக்குப் பத்து சென்ட் நிலம் கிடைத்து, ‘பேர்சியா’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஊரை எல்லோரும் ‘கல்ஃப்’ என்று சொல்லப் பழகிய காலம். அடுத்தவர் தோட்டத்து மூலையில் குடிசை போட்டுக் கிடந்தவர்களுக்கு, அந்தக் குடிசையைச் சுற்றியுள்ள பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. அப்படிக் கிடைத்த ஒரு பத்து சென்டில், பெருங்கடவிளைக்கும் காரக்கோணத்துக்கும் நடுவே, ரப்பர் தோட்டத்துச் சரிவில் ரோசம்மாள் இருந்தாள். கணவன் தாசன் கல்ஃபில் இருந்தான். ரெண்டு பிள்ளைகளும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். தாசன் அனுப்ப அனுப்ப வீடு வளர்ந்துகொண்டிருந்தது. சுவர் வந்து, ஓடு வந்து, அயனி மரத்தில் கட்டளையும் வைத்து, உபதேசியார் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருந்தார். கட்டளை என்றால் நிலைச்சட்டம். கதவு மட்டும் வரவில்லை. அவன் லீவில் வந்து தன் கையால் மாட்ட வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. அதுவரை ஒரு ஓலைத் தட்டி சாய்ந்து நின்றது.

நிலத்தின் பழைய முதலாளிக்கு அந்தப் பத்து சென்ட் தொண்டையில் சிக்கிய மீன்முள். ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் அவருடைய புகைப்புரையிலிருந்து ரப்பர் ஷீட் களவு போனதாகவும், அது ரோசம்மாள் வீட்டில் இருப்பதாகவும் எழுதிக் கொடுத்தார். வாரண்ட் இல்லாமல் உடனே தேட எனக்கு அதிகாரம் உண்டு. காரணத்தை முதலில் எழுதி வைக்க வேண்டும். எழுதுவதற்குள் ஷீட் எல்லை தாண்டிக் களியக்காவிளைக்குப் போய்விடும் என்று புறப்பட்டுவிட்டேன்.

கூட வந்தவர் எங்கள் ஏட்டு. என் அப்பா வயது. எந்த வீட்டுக்குப் போனாலும் முற்றத்து ஓரத்தில் நின்றுவிடுவார். எங்கள் பக்கத்தில் பகலில் யாரும் வாசலைத் தட்டுவதில்லை. மீன்காரி ஆனாலும் மைத்துனன் ஆனாலும் முற்றத்தில் நின்று “இஞ்ச ஆளு உண்டா?” என்று கூப்பிட வேண்டும். உள்ளிருந்து “ஆராக்கும்?” என்று வரும். பெயரைச் சொன்ன பிறகுதான் அடுத்த அடி. அன்றும் ஏட்டு நின்றார், தொண்டையைச் செருமினார்.

“கூப்பிடாண்டாம், ஏட்டு. இது மூடின இடம் இல்ல. கதவே இல்லையே, எதைத் தட்டுவீங்க?”

“தட்டாண்டாம் சாறே. ஒரு விளி விளிச்சா மதி.”

“விளிச்சா ஷீட்டை ஒளிச்சிருவா.”

“ரப்பர் ஷீட்டைத் தின்னவா போறா?” என்றார் ஏட்டு. ஆனால் அவர் ஏட்டு, நான் எஸ்.ஐ. நான் தட்டியைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

ரோசம்மாள் உள்ளறையில் சுவர்ப்பக்கம் திரும்பித் தரையில் உட்கார்ந்து தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து ஒரு அலறல் அலறினாள். நான் “சத்தம் போடாதே” என்றேன். அவள் எழுந்த வேகத்தில் முன்னால் இருந்த துணிமூட்டை புரண்டது. அதற்குள் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. கால்மணி நேரம் தேடினோம். இரண்டு பாய், ஒரு பெட்டி, தேங்காய், கிழங்கு. ஷீட் இல்லை. எதுவும் கிடைக்காத சோதனைக்குப் பட்டியல் எதற்கு என்று பட்டியலும் எழுதவில்லை. வெளியே வந்தோம். அவள் கட்டளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எமானே, ஞான் எடுத்தேன்னு ஆரு சொன்னது?”

“புகார் வந்தது. பார்த்தோம். இல்ல. தீர்ந்தது” என்றேன்.

ஷீட்டை விற்றது முதலாளியின் சொந்தக் காவல்காரன்தான் என்று பத்து நாளில் தெரிந்தது. தீர்ந்தது என்று மறுபடியும் நினைத்தேன்.

அது கன்னி மாதம், தமிழ்க் கணக்கில் புரட்டாசி. இரண்டு மாதம் கழித்து, விருச்சிகத்தில் ரோசம்மாள் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

“எமானே, எனக்கு ஒரு பேப்பர் வேணும். முத்திரை வச்சு.”

“என்ன பேப்பர்?”

“கன்னி மாசம் எனக்க வீட்டில கேறினது போலீசாக்கும்னு ஒரு பேப்பர்.”

ஏட்டு எழுத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “எனக்க சர்வீசில, போலீசு வரல்லன்னு பேப்பர் கேட்டு வந்தவங்க உண்டு. வந்ததுன்னு கேட்டு வாறது நீதான் முதல்.”

அவள் சிரிக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். அந்தக் காலத்தில் எழுதத் தயங்குகிறவர்கள் கேசட்டில் பேசி, கல்ஃபுக்குப் போகிற ஆள் கையில் கொடுத்துவிடுவார்கள். அன்று அவள் தாசனுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். காக்கைச் சத்தம் விழாமல் இருக்கத்தான் மெஷினைத் துணியில் சுற்றியிருந்தாள். நாங்கள் வந்தபோது துணி புரண்டு மெஷின் நின்றது. நாங்கள் போன பிறகு அழுது முடித்து, முகம் கழுவி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். களவுக் கேசில் போலீஸ் வந்ததைச் சொல்லவில்லை. கடலுக்கு அப்பால் இருக்கிறவனை ஏன் வேதனைப்படுத்த வேண்டும், ஒரே அறையில் கிடக்கிற மற்றவர்கள் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று விட்டுவிட்டாள். மெஷின் நிற்பதற்கு முன் அவளுடைய அலறலும் என் இரண்டு சொற்களும் உள்ளே ஏறியிருந்தது அவளுக்குத் தெரியாது.

தாசன் அறையில் எட்டுப் பேர். ஊர்ச் சத்தம் கேட்க எல்லோரும் சுற்றி உட்காருவார்களாம். கிணற்றில் தண்ணீர் ஊறியது, மூத்தவன் பரீட்சையில் ஜெயித்தது, பிறகு அலறல், ஓர் ஆணின் குரல் “சத்தம் போடாதே.” உடனே வேறொரு ரோசம்மாள், மூக்கடைத்த குரலில், ஆடு குட்டி போட்ட கதையைச் சொல்கிறாள்.

“அதுக்கு முன்னால ஆரும் விளிச்ச சத்தம் இல்லியேன்னு அவரு கேக்குதாரு” என்றாள். “அன்னியன் வந்தா முற்றத்தில நின்னு விளிப்பான். விளிக்காம கேறுதவன் ஆருன்னு கேட்டு விட்டிருக்காரு. ஞான் ரெண்டு கடிதம் எழுதினேன், போலீசாக்கும்னு. இப்ப உண்டாக்கின கதைன்னு சொல்லிட்டாரு. பத்து சென்டும் அவருக்க பேரிலயாக்கும். அவருக்க அண்ணன் நேத்து வந்தாரு. மகரம் பிறக்குததுக்குள்ள ஞான் வீட்டை விட்டு எறங்கணுமாம். பிள்ளையளை அவரு கொண்டுபோவாராம்.”

நடைமுறை தெரிந்தவனுக்கு வரும் தண்டனை நூதனமானது. அவளுக்கு என்னென்ன காகிதம் கிடைத்திருக்க வேண்டும் என்று என் தலை வரிசையாக எடுத்துக் கொடுத்தது. தேடுவதற்கு முன் காரணத்தை எழுதி நெய்யாற்றின்கரை மாஜிஸ்டிரேட்டுக்கு அனுப்பியிருந்தால், வீட்டுக்காரி கேட்டதும் அங்கே இலவசமாக நகல் தருவார்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு சாட்சிகளை அழைத்திருந்தால் அவர்கள் சொல்வார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒரு பட்டியல் எழுதி நகல் கொடுத்திருந்தால், அது அவள் பெட்டியில் தேதியோடு இருந்திருக்கும். எல்லாவற்றையும் நேரம் மிச்சம் பிடிக்க விட்டிருந்தேன். இந்தக் காகிதங்கள் குற்றவாளியின் வக்கீலுக்காக எழுதப்படுபவை என்றுதான் கல்லூரியில் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். சோதனை நடந்தது என்பதற்கே ஒருத்தி சாட்சி தேடி வருவாள் என்று யாரும் சொல்லவில்லை.

மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு எழுதுகிறேன் என்று அவளை அனுப்பினேன். அவள் போனதும் ஏட்டு ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

“பழைய தேதி போட்டு ஒரு லிஸ்ட் எழுதுங்க சாறே. அவளும் தப்புவா, நாமளும் தப்புவோம்.”

பேனாவைத் திறந்தேன். தேதிகூட எழுதிவிட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். நேர்மையால் கிழித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பட்டியலில் இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட ஆள் பிடித்தால், ஏட்டையும் சேர்த்து ஒரு பொய்க்குக் காவலாக நாலு பேர் ஆவோம், நாலில் ஒருவர் என்றாவது உளறுவார். கணக்குப் பார்த்துத்தான் கிழித்தேன். இளையவர்களே, உங்களுக்கு நேர்மை வருகிறவரை இந்தக் கணக்காவது வரட்டும்.

அன்றே சர்க்கிள் ஆபீசுக்கு எழுதினேன். இன்ன நாளில் இன்ன வீட்டில் கூப்பிடாமல் நுழைந்தேன், காரணம் எழுதவில்லை, சாட்சி வைக்கவில்லை. இதை அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கொடுக்க அனுமதி வேண்டும். ஒரு வாரம், இரண்டு வாரம். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. தனு மாதம் பாதி ஆயிற்று. ரோசம்மாள் மறுபடி வந்தாள்.

“பேப்பர் வந்துதா எமானே?”

“இல்ல.”

“வேண்டாம். பேப்பரை ஆரு வேணும்னாலும் எழுதலாம்னு அவரு சொல்லுவாரு. அவரு கேட்டது சத்தம். சத்தத்துக்குச் சத்தம்தான் பதிலு. சனியாழ்ச்ச பக்கத்து வீட்டு ஸ்டீபன் விமானம் கேறுதான். கேசட்டு கொண்டுபோவான். நீங்க வந்து அதில பேசணும்.”

ஒரு எஸ்.ஐ. தன் குற்றத்தைத் தன் குரலில் பதிவு செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு எந்தக் கையேட்டிலும் படிவம் இல்லை. அனுமதி கேட்ட கடிதம் மேலே கிடக்கும்போது அனுமதியில்லாமல் செய்தால் அது தனிக் குற்றம். ஏட்டு இன்னொன்றையும் சொன்னார்.

“சாறே, ஆணொருத்தன் தனியா அவளுக்க வீட்டில இருந்து, அந்தச் சத்தம் எனக்க சத்தமாக்கும்னு சொன்னா, அவனுக்குச் சந்தேகம் தீருமா, கூடுமா?”

இரண்டு நாள் அதையே யோசித்தேன். என் குரலை மட்டும் கேட்டால் அவன் ஏன் நம்ப வேண்டும்? அன்று இல்லாதது எது? முற்றம், கூப்பிடுதல், சாட்சி. அப்படியானால் அவை எல்லாமே கேசட்டில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, சீருடையில், ஏட்டோடு போனேன். அக்கம்பக்கத்து ஆட்களை முற்றத்தில் கூட்டச் சொல்லியிருந்தேன். அண்ணனையும் வரச் சொல்லி ஆள் விட்டோம், வரவில்லை. ரோசம்மாள் மெஷினைக் கட்டளைப் படியில் வைத்து அமுக்கிவிட்டு உள்ளே போனாள். நான் முற்றத்து ஓரத்தில், தென்னைக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டேன்.

“இஞ்ச ஆளு உண்டா?”

“ஆராக்கும்?” என்றாள் உள்ளிருந்து.

என் பெயர், பதவி, ஸ்டேஷன் எல்லாம் சொன்னேன். முதலாளி கொடுத்த புகாரைச் சொன்னேன். “கன்னி மாதம் இந்த வீட்டுக்குள் ஏறியது நான். ஏட்டும் கூட இருந்தார். கூப்பிடாமல் ஏறினேன். அது என் தப்பு. களவு ஒன்றும் இங்கே இல்லை. ‘சத்தம் போடாதே’ என்று சொன்னவன் நான்தான்.” அந்த இரண்டு சொற்களை அன்று சொன்ன அதே தொனியில் மறுபடி சொன்னேன். அவன் இரண்டு கேசட்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்க்கட்டும் என்று. அரைப்பக்க ஆங்கிலத்தில் நூறு அறிக்கை எழுதியவனுக்கு அந்த ஆறேழு வாக்கியம் முடிவதற்குள் காலர் நனைந்துவிட்டது.

ஏட்டு மெஷினுக்கு சல்யூட் அடித்துவிட்டுத் தன் நம்பரைச் சொன்னார். “தாசா, மக்கா, ஞானும் உண்டாயிருந்தேன். விளிக்கட்டான்னு கேட்டேன். சாறு சம்மதிக்கல்ல” என்று என்னைக் காட்டியும் கொடுத்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். போலீஸ் இறங்கிப் போனதைக் கண்டதாக நாலு பேர் சொன்னார்கள். கண்ட நாலு பேரில் யாரும் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. போலீஸ் காரியத்தில் எதற்கு என்று இருந்துவிட்டார்களாம். ஸ்டீபனுடைய அம்மா மெஷினைக் கையில் தூக்கிக்கொண்டாள்.

“எலே தாசா, ஒனக்கு மண்டையில மூளை உண்டா? கள்ளப் புருசன் வந்தா மெசினை ஓடவிட்டா இருப்பா?”

முற்றமே சிரித்தது. ரோசம்மாளும் சிரித்தாள், அழுதாள். சட்டம் படித்த எனக்கு இத்தனை மாதமாகத் தோன்றாத வாதம் அது.

இதைப் படித்துவிட்டு எல்லா வீட்டு முன்னாலும் நின்று கூவாதீர்கள். சில வருடம் கழித்து வெள்ளறடைப் பக்கம் ஒரு விசா ஏஜெண்டின் வீட்டுக்குப் போனேன். விசா வாங்கித் தருவதாகச் சொல்லிப் பல பேருடைய பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருந்தவன். நான் முற்றத்தில் நின்று முறைப்படி கூப்பிட்டேன். “ஆராக்கும்?” என்று மரியாதையாகக் கேட்டான். நான் மரியாதையாகப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாஸ்போர்ட் எல்லாம் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. சாம்பலைக் கொட்டிப் பார்த்தோம்; ஒரு பையனின் போட்டோவில் பாதி முகம் மிஞ்சியிருந்தது. அந்த வாரம் ஸ்டேஷன் வாசலில் நின்ற தாய்மாருக்கு நான் சொல்ல எந்தப் பிரிவும் இல்லை. தேடுகிற பொருளை ஒரு நிமிடத்தில் தீ தின்னுமா என்பதை வாசலுக்குப் போகும் முன்பே யோசிக்க வேண்டும். தின்னும் என்றால் பின்வாசலில் ஆளை நிறுத்திவிட்டுப் பிறகு கூப்பிட வேண்டும். ரப்பர் ஷீட்டை யாரும் தின்ன முடியாது. இதில் எனக்கு இன்னும் முழுத் தெளிவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் எழுதுங்கள்.

இப்போது சோதனையை நீங்களே கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வீட்டுக்குள் நுழைந்த பிறகு பதிவைத் தொடங்குகிறவர்களைப் பார்க்கிறேன். முற்றத்தில் நிற்கும்போதே தொடங்குங்கள். யார் வந்தது, கேட்டு வந்தார்களா என்று பிறகு கேட்கப்போகிறவர்கள் கோர்ட்டில் மட்டும் இல்லை.

ஸ்டீபன் சனிக்கிழமை விமானம் ஏறினான். மகரம் பிறந்த அன்று அண்ணன் ஒரு ஜீப்போடு ரோசம்மாள் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளை விடமாட்டேன் என்று அவள் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ஏட்டு சைக்கிளில் போய், தகராறு வந்தால் இரண்டு தரப்பையும் ஸ்டேஷனில் வைப்பேன் என்று மிரட்டி ஜீப்பைத் திருப்பி அனுப்பினார். அதற்கு அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

பத்து நாள் கழித்து அண்ணன் பெயருக்குத் தாசன் கடிதம் வந்தது. இரண்டு வரி. ஆளைத் தெரிந்துகொண்டேன், வீட்டையும் பிள்ளைகளையும் ஒன்றும் செய்ய வேண்டாம். ரோசம்மாளுக்கு என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அண்ணன் அதை அவளிடம் காட்டிவிட்டு, மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு போனாராம். வீடு நின்றது, பிள்ளைகள் நின்றார்கள். அவள் ஸ்டேஷன் வழியாகச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஏட்டு “பதிலு வந்துதா?” என்று கேட்பார். “அண்ணனுக்கு வந்துது” என்பாள். “எனக்கு வரல்ல.”

கும்பத்தில் சர்க்கிள் ஆபீசிலிருந்து எனக்கு ஒரு காகிதம் வந்தது. அனுமதி பற்றி அதில் எதுவும் இல்லை. கூப்பிடாமல் நுழைந்ததாக நானே எழுதியிருந்ததால், அதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் எழுதினேன். கண்டனம் கிடைத்தது. என் பதிவேட்டில் அது இன்னும் இருக்கும்.

பிறகு ஒருநாள் ரோசம்மாள் சந்தைக்குப் போகாத நாளில் ஸ்டேஷனுக்கு வந்தாள். கையில் ஒரு கேசட் இருந்தது.

“என்ன சொல்லியிருக்கான்?” என்று ஏட்டு எட்டிப் பார்த்தார்.

“அதொண்ணும் ஒங்களுக்கு இல்ல” என்றாள். கேசட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். “வந்துதுன்னு சொல்லத்தான் வந்தேன். எங்கயாவது எழுதி வைக்கணும்னா எழுதி வச்சுக்கிடுங்க.”

உள்ளே என்ன இருந்தது என்று அறிய எனக்கு இன்றுவரை ஆசை உண்டு. கேட்க அதிகாரம் இல்லை. அவள் சொன்னதை என் சொந்த நோட்டில் எழுதி வைத்தேன்: மீனம் பதினொன்று, செவ்வாய்க்கிழமை.